ஒழுகும் சுவரில் அழகைத் தேடலாமா?

வெயில்மழை:
எங்கள் குடியிருப்பின் பின்சுவரில் மழைநீர்க் குழாய் உடைந்து பல மாதங்களாக ஒழுகுகிறது. துருவும் பாசியும் சேர்ந்து மரத்தின் வேர் போலச் சுவரில் கிளைவிட்டு இறங்கியிருக்கின்றன. நேற்றுக் காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது அதைப் படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றி இங்கே போட்டிருக்கிறேன். இதைக் கலைப்படம் என்று சொல்லலாமா?

செங்கல்:
படம் நன்றாகவே இருக்கிறது. எனக்கு உறுத்துவதும் அதுதான். அந்தச் சுவருக்கு உள்பக்கம் யாரோ குடியிருக்கிறார்கள். அவர்கள் அறையில் ஓதம் ஏறியிருக்கும். உங்கள் படத்தில் அது எங்கே? ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1934இலேயே இதைக் கண்டித்தார். நெரிசலான குடியிருப்பையும் குப்பைமேட்டையும்கூட கேமரா அழகாக்கிவிடுகிறது, வறுமையே ரசிக்கும் பொருளாகிவிடுகிறது என்பது அவர் வாதம். அவர் சுட்டிக்காட்டியது ஜெர்மன் புகைப்படக்காரர் ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ச் 1928இல் வெளியிட்ட ‘உலகம் அழகானது’ என்ற படத்தொகுப்பை.

கூர்நோக்கு:
செங்கல், அந்தத் தலைப்பை ரெங்கர்-பாட்ச் விரும்பி வைக்கவில்லை. ‘பொருள்கள்’ என்று வைக்கத்தான் நினைத்தார். பதிப்பாளர் மாற்றிவிட்டார். இந்த ஒரு விஷயம் போதும், அவர் எதைத் தேடினார் என்று புரிந்துகொள்ள. பொருளை அது இருக்கிறபடி உற்றுப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டனையும் பாருங்கள். 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் வளைவில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மிளகாயின் ஒவ்வொரு மடிப்பிலும் மெதுவாக ஏறுகிறது. எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் வெளிச்சம் விழவிட்ட நேரம் மட்டும் சில நிமிடங்கள். படத்தின் பெயரிலேயே 30 என்ற எண் இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த மனிதர். ஒரு காய்கறிக்கு அவ்வளவு நேரம் கொடுப்பதை நான் மரியாதை என்றுதான் சொல்வேன்.

செங்கல்:
அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை. ஆனால் மிளகாயை எடுப்பதும் இன்னொருவர் வீட்டுச் சேதத்தை எடுப்பதும் ஒன்றாகிவிடுமா? ஒன்று அதன் வடிவம், மற்றது ஒருவருடைய கஷ்டம்.

பாசிமணி:
நான் செடிகளை மேக்ரோவில், அதாவது மிக நெருக்கத்தில் எடுப்பவள். இயற்கை வடிவங்களுக்கு கார்ல் பிளாஸ்ஃபெல்ட் நல்ல உதாரணம். பெர்லினில் ஆசிரியராக இருந்தவர். மாணவர்கள் வடிவங்களைப் படிக்க வேண்டும் என்பதற்காகத் தண்டுகளையும் மொட்டுகளையும் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். 1928இல் புத்தகமாக வந்தபோது அவருக்கு 60 வயது கடந்திருந்தது. சுருண்ட பெரணி நுனி இரும்புக் கிராதி வேலைப்பாடு போலத் தெரியும். அழகு காட்ட வேண்டும் என்று கிளம்பியவர் இல்லை அவர், ஆனாலும் அழகு வந்துவிட்டது.

செங்கல்:
அவரும் இலைகளைக் கிள்ளி, செடியைச் சீராக்கித்தானே எடுத்தார், பாசிமணி? வேண்டாததை நீக்கிய பிறகு மிஞ்சுவதை ‘உற்றுப் பார்த்தது’ என்கிறோம். வெயில்மழையிடம் நேராகவே கேட்கிறேன், நீங்கள் எதையாவது நீக்கினீர்களா?

பாசிமணி:
எல்லா ஃப்ரேமும் எதையோ வெளியே விடத்தான் செய்யும். அதைக் குற்றம் என்றால் யாருமே கேமராவைத் தொட முடியாது.

வெயில்மழை:
நீக்கினேன். கீழ் ஓரத்தில் ஒரு நீல வாளி இருந்தது. தரைத்தளத்து அம்மா ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க வைத்தது. கவனத்தைச் சிதறடிக்கிறது என்று அந்த ஓரத்தை வெட்டி கிராப் செய்துவிட்டேன். வண்ணத்தை நீக்கியதற்கும் அந்த வாளிதான் பாதிக் காரணம். இதோ, முழுப் படத்தையும் வண்ணத்திலேயே போடுகிறேன்.

செங்கல்:
நன்றி. இதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர் இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேர் எங்கே போய் முடிகிறது என்றும் தெரிகிறது.

கூர்நோக்கு:
எனக்கு நேர்மாறாகப் படுகிறது. வாளியைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, சுவர் வெறும் பின்னணியாகிவிடுகிறது. கிராப் செய்ததுதான் படம். ஆனால் வண்ணத்தை நீக்கியது தவறு என்று இப்போது தோன்றுகிறது. துரு என்றாலே அந்தச் செம்பழுப்புதானே. அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களை 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோது, வெறும் சாதாரணம் என்று விமர்சகர்கள் சாடினார்கள். இன்று அந்த வண்ணங்களுக்காகவே அவரைத் தேடிப் பார்க்கிறோம்.

பாசிமணி:
வண்ணம் சரி. வாளி விஷயத்தில் நான் செங்கல் பக்கம் வந்துவிட்டேன்.

வெயில்மழை:
நாளையும் வெயில் வந்தால் இரண்டடி பின்னால் நின்று, வேரும் வாளியும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு கோணம் கிடைக்குமா என்று பார்க்கிறேன். அதற்கு முன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இத்தனை நாளாக அந்தச் சுவரைப் பார்க்கிறேன், உள்ளே ஓதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இதுவரை விசாரித்ததே இல்லை.