ஹெரால்டை மின்வண்டி ஆக்குவது: எவ்வளவு மோட்டார், எவ்வளவு பேட்டரி?

பாளை_ஹெரால்டு:

வண்டி 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், இரண்டு கதவு, 948 சிசி. எஞ்சின் பிளாக்கில் விரிசல். சேஸிஸ் நன்றாக இருக்கிறது, பாடியைத் தாங்கும் ஓரத்துக் கைகள் இரண்டு மட்டும் துருப்பிடித்திருக்கின்றன. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் சேஸிஸே ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான் என்பதால், வெளிநாட்டில் ஸ்பிட்ஃபயரை மின்சாரத்துக்கு மாற்றும் முறை இதற்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

திட்டம்: 60 கிலோவாட் மோட்டார், 30 கிலோவாட்-மணி பேட்டரி, கியர்பாக்ஸைத் தூக்கிவிட்டு நேரடி இணைப்பு. ஓட்டம் பாளைக்குள் தினமும் 20 கி.மீ., சீசனில் குற்றாலம் போய் வருவது, எப்போதாவது திருச்செந்தூர். எதை முதலில் வாங்கலாம்?

ஈரடுக்குப்பாலம்:

எதையும் வாங்காதீர்கள். முதலில் எடைமேடைக்குப் போங்கள்.

முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. லாரி எடைமேடை 5 கிலோ, 10 கிலோ படியாகத்தான் காட்டும். அதனால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டாங்க் எல்லாம் இறக்கிய பிறகு மறுபடியும் அதே மாதிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் உங்களுக்குக் கிடைத்திருக்கும் எடை. பேட்டரி எத்தனை என்பதை அந்தச் சீட்டு சொல்லும், ஆசை சொல்லாது.

மோட்டார் விஷயம். இந்த வண்டியில் பிறப்பிலேயே இருந்தது 35 குதிரைத்திறன், அதாவது சுமார் 26 கிலோவாட். முறுக்கு விசை 70 நியூட்டன் மீட்டரை ஒட்டி. பின் அச்சுத் தண்டுகள், யு-ஜாயின்ட், கியர்பாக்ஸ் எல்லாம் அதற்காகச் செய்தவை. 60 கிலோவாட் மோட்டார் நின்ற இடத்திலேயே 200 நியூட்டன் மீட்டர் தரும். முதல் கியரில் அதை மிதித்தால் யு-ஜாயின்ட் முதலில் போகும், அடுத்து அச்சுத் தண்டு. தொடர்ந்து 15, உச்சத்தில் 30 கிலோவாட் தரும் ஏ.சி. மோட்டார் போதும். கன்ட்ரோலரில் முறுக்கு விசையை 100-க்குள் கட்டிப் போடுங்கள்.

அடுத்தது, இந்த வண்டிக்கே உரிய ஆபத்து. ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் (சக்கரமும் அரை அச்சும் ஒன்றாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு), மேலே குறுக்காக ஒரே பிளேட் ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போகும்போது பெடலில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் தூக்கி, வெளிச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். பெட்ரோல் வண்டியிலேயே இது உண்டு. மின்வண்டியில் காலை எடுத்ததும் ரீஜென் பிரேக் (மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைப்பது) பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும்; அப்போது இரண்டு மடங்கு மோசம். அதனால் பெடலை விட்டதும் வரும் ரீஜென் மிக லேசாக, 10 சதவீதத்துக்குள். மீதியைப் பிரேக் பெடலோடு ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்துக் கொடுக்கலாம். நின்ற நிலையில் பின் சக்கரங்கள் நேராகவோ, மேல்பக்கம் 1-2 டிகிரி உள்சாய்வாகவோ இருக்க வேண்டும். வெளிச்சாய்வு தெரிந்தால் ஸ்பிரிங்கைச் சரிசெய்யாமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

30 கிலோவாட்-மணி பேட்டரிக்குப் பெட்டியோடு சேர்த்து 230 கிலோ ஆகும். அதில் பாதியை டிக்கியில் வைத்தால், பின் சீட்டில் இரண்டு பேர் ஏறியதும் ஸ்பிரிங் தட்டிவிடும்.

லேத்துக்காரன்:

அண்ணாச்சி, கியர்பாக்ஸைக் கழத்தாதிய. நேரடியாப் போட்டா ஏத்தத்துல மோட்டார் மெதுவாச் சுத்திக்கிட்டு ஆம்பியரை மட்டும் தின்னும், சூடாகும். கியர்பாக்ஸ் இருந்தா மூணாவது கியர்லயே ஊருக்குள்ள பூராவும் ஓட்டலாம், மலைக்கு ரெண்டு.

டிஃப்பரன்ஷியல் விகிதத்தை (சக்கரம் ஒரு சுத்துக்குப் புரொப்பலர் ஷாஃப்ட் எத்தனை சுத்துங்கிறதை) புத்தகம் பாத்துச் சொல்லாதிய. அம்பது வருசத்துல எத்தனை பேர் மாத்திருப்பாங்களோ. ஒரு பின் சக்கரம் தரையில, ஒண்ணு ஜாக்கில. நியூட்ரல் போடுங்க. தூக்குன சக்கரத்தை 20 சுத்து சுத்தி, புரொப்பலர் ஷாஃப்ட் எத்தனை சுத்துதுன்னு சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்க. அதைப் பத்தால வகுத்தா விகிதம். 45 சுத்துனா 4.5. அந்தக் கணக்குல 13 இஞ்ச் டயருக்கு 60 கி.மீ. வேகத்துல நாலாவது கியர்ல மோட்டார் 2500 சுத்து, மூணாவதுல 3500 பக்கம். மோட்டார் வாங்கும்போது இந்த 3500-ல திறன் நல்லா இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

இனி மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேக்குற அடாப்டர். பிளேட் 15 மி.மீ. அலுமினியம், 6061. பழைய எஞ்சினோட பின் பிளேட்டை அச்சா வச்சுத் துளை எடுத்துரலாம். ஆனா டவல் பின் (நடு வெலகாம நிறுத்துற ஊசி) ரெண்டும் கண்டிப்பா வேணும். போல்ட்டை நம்பி நடு எடுத்தா நடு வராது. கப்ளருக்குப் பழைய கிளட்ச் பிளேட்டோட நடு ஸ்ப்ளைனை வெட்டி எடுத்து, மோட்டார் ஷாஃப்டுக்குச் சாவிக்காடி போட்ட இரும்புக் கப்ளர்ல சேக்கணும். வெல்டிங் வச்சிட்டு அப்படியே மாட்டிராதிய, வெல்டிங் இழுக்கும். வெல்டிங் முடிஞ்ச பெறகு லேத்துல ஏத்தி இன்னொரு தடவை முகம் எடுக்கணும்.

கிராங்க் ஷாஃப்ட் கடைசில இருக்குற பைலட் புஷ்ஷை மறந்துட்டுத்தான் பாதி பேரு கெடுக்கான். இன்புட் ஷாஃப்டோட மூக்கு அதுலதான் உக்காரும். எஞ்சின் போனா புஷ்ஷும் போயிரும். கப்ளருக்குள்ளயே வெண்கலப் புஷ் ஒண்ணு அடிக்கணும், இல்லன்னா மூக்கு ஆடி ஆடி முன் பேரிங் ஊளையிடும். ரெண்டு ஷாஃப்டுக்கும் நடுவுல 2-3 மி.மீ. இடைவெளி விடுங்க. மாட்டுன பெறகு டயல் கேஜ் வச்சுப் பாருங்க: ஆட்டம் 0.05 மி.மீ.க்குள்ள இருந்தா அருமை, 0.1 தாண்டுனா கழத்துங்க.

மோட்டார் 50 கிலோ வரும். அதைப் பெல் ஹவுசிங்ல (கியர்பாக்ஸோட முன் கூட்டுல) மட்டும் தொங்க விட்டா ஒரு வருசத்துல காது உடையும். பழைய எஞ்சின் மவுன்டிங் ரெண்டுலயும் தாங்கல் குடுங்க. கிளட்ச் இல்லாம கியர் மாத்தலாம். காலை எடுத்துட்டு ஒரு நொடி பொறுத்துத் தள்ளணும், அம்புட்டுத்தான். பேட்டைப் பக்கம் லேத்துல இந்த வேலை எல்லாம் நடக்கும். படம் வரைஞ்சு, அளவு போட்டுக் குடுங்க. வாயால சொன்னா வாயாலதான் வேலை நடக்கும்.

பாளை_ஹெரால்டு:

நன்றி. அப்படியானால் 15 கிலோவாட்-மணி அளவு பேட்டரியில் குற்றாலம் போய்த் திரும்ப முடியுமா? சார்ஜ் தூரம்தான் என் கவலை.

ஆடிக்காத்து:

முடியும், ஆனால் மாதத்தைப் பொறுத்தது.

100 ஆம்பியர்-மணி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 45 எடுத்துத் தொடராகப் போட்டால் 144 வோல்ட், 14.4 கிலோவாட்-மணி. செல் ஒன்று 2 கிலோ பக்கம், பெட்டி, பஸ்பார் எல்லாம் சேர்த்து 120 கிலோவுக்குள் முடியும். அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 12 யூனிட்தான் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

950 கிலோ வண்டி சமதளத்தில் 60-ல் சீராகப் போனால் கி.மீ.க்கு 85-90 வாட்-மணி. ஊருக்குள் நின்று நின்று போனால் 110-120. ஆனால் குற்றாலச் சீசன் என்பதே செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகாற்று வீசும் காலம். பாளையிலிருந்து தென்காசிக்குப் போகும்போது அது நேர் எதிரே வரும். மணிக்கு 30 கி.மீ. எதிர்காற்று என்றால், 60-ல் போகும் வண்டிக்குக் காற்று 90-ல் அடிப்பதாக ஆகும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். கி.மீ.க்கு 140 வாட்-மணி ஆகிவிடும். பாளையிலிருந்து குற்றாலம் வரை 60 கி.மீ.க்கு எட்டரை யூனிட். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், மூன்று மூன்றரையில் வந்துவிடலாம். கூட்டினால் 12. காகிதத்தில் சரி, ரோட்டில் சரியல்ல: நாலு பேர், ஆலங்குளத்து நெரிசல், சாரலுக்கு வைப்பர், விளக்கு எல்லாம் இருக்கிறது. அங்கே இரண்டு மணி நேரம் 3.3 கிலோவாட் சார்ஜரில் போட்டால் 6 யூனிட் ஏறும். குளித்து முடிக்க அதற்கு மேலேயே ஆகும். இல்லையென்றால் 50-ல் போங்கள், எதிர்காற்றில் 10 கி.மீ. குறைத்தால் கிடைக்கும் லாபம் பெரிது.

எடைமேடைச் சீட்டு இடம் கொடுத்தால் 150 ஆம்பியர்-மணி செல்லுக்குப் போகலாம்; 21.6 யூனிட், எடை 50 கிலோ போலக் கூடும். ஈரடுக்குப்பாலம் இதை ஏற்க மாட்டார் என்று தெரியும். ஆனால் 24 செல்லை முன்னால், எஞ்சின் இருந்த இடத்தில் வைத்தால் பின் அச்சுக்கு வரும் சுமை அதிகமில்லை. ஹெரால்டு பானெட் மூக்கோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறப்பதால் செல்களைச் சரிபார்க்கவும் சுகம்.

வீட்டில் சார்ஜ்: 14 ஆம்பியர் தொடர்ந்து ஐந்து மணி நேரம் இழுக்கும். கிரைண்டருக்குப் போட்ட 15 ஆம்பியர் பிளக் இதற்குத் தாங்காது, ஓட்டை உருகும். நீல நிற இன்டஸ்ட்ரியல் சாக்கெட், 4 சதுர மி.மீ. வயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்). நம் ஊர்க் கோடையில் எர்த் குழி காய்ந்து ஓடாகிவிடும். சித்திரையில் அளந்து பார்த்து, தேவையென்றால் தண்ணீர் ஊற்றுங்கள். சார்ஜ் இரவில். வெயிலில் நின்ற பேட்டரி 45 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஆறவிட்டுப் போடுங்கள்.

நெகட்டிவ்_எர்த்:

மின்சாரப் பக்கத்தில் யாரும் சொல்லாதவை:

பழைய ஹெரால்டு சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பேட்டரி கேபிளைப் பாருங்கள். அப்படி இருந்தால் டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் (144 வோல்ட்டை 12 வோல்ட்டாக்குவது) மாட்டும் முன் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் இணைத்தால் முதல் சுவிட்சிலேயே கன்வெர்ட்டர் போய்விடும். 30 ஆம்பியர் கன்வெர்ட்டர் போதும். 12 வோல்ட் பேட்டரியை எடுத்துவிடாதீர்கள்: கன்வெர்ட்டர் நின்றாலும் ஹெட்லைட்டும் கான்டாக்டரும் (பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே சுவிட்ச்) அதில் ஓட வேண்டும். 144 வோல்ட் பக்கம் மட்டும் எந்த முனையும் பாடியைத் தொடக்கூடாது.

பிரீசார்ஜ் (ரெசிஸ்டர் வழியாக முதலில் மெதுவாக நிரப்புவது) இல்லாமல் மெயின் கான்டாக்டரை மூடாதீர்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டர் காலியாக இருக்கும்போது மூடினால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் ஒரு கணம் பாயும், கான்டாக்டர் முனை பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கான்டாக்டர் திறக்காது. சாவியை எடுத்தாலும் வண்டி உயிரோடு இருக்கும். 100 ஓம், 50 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர், 2000 மைக்ரோஃபாரட் என்றால் ஒரு நொடியில் நிரம்பும். இரண்டு நொடி விடுங்கள்.

ஃபியூஸ் டி.சி.க்கு என்று எழுதியதாக, 200 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்க வேண்டும். மோட்டார் பேனலில் போடும் ஏ.சி. ஃபியூஸ் எரிந்த பிறகும் உள்ளே ஆர்க் நிற்கும். முன் பெட்டிக்கு ஒன்று, டிக்கிப் பெட்டிக்கு ஒன்று. கேபிள் 50 சதுர மி.மீ., லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காதை) ஹைட்ராலிக் கருவியால் அமுக்குங்கள். சுத்தியலால் தட்டிய லக் 200 ஆம்பியரில் காட்டிக்கொடுக்கும்.

செல்களைச் சமன் செய்வதில் பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். பாதி நிரம்பிய 45 செல்லையும் இணையாகப் போட்டு 10 ஆம்பியர் சப்ளையில் நிரப்பினால் 225 மணி நேரம் ஆகும். முதலில் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணிக்கும் பேட்டரி மேலாண்மைக் கருவி) காவலில் தொடராகவே ஏற்றி, ஏதாவது ஒரு செல் 3.45 தொடும்போது நிறுத்துங்கள். அதன் பிறகு பிரித்து இணையாகப் போட்டு 3.60 வரை. ஒன்றிரண்டு நாளில் முடியும். தினசரிப் பயன்பாட்டில் சார்ஜரை செல்லுக்கு 3.55-ல், மொத்தம் 160 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

கடைசியாக மெக்கர் (144 வோல்ட் பக்கத்திலிருந்து பாடிக்கு மின்கசிவு உண்டா என்று பார்க்கும் கருவி). கன்ட்ரோலர், சார்ஜர், கன்வெர்ட்டர், பி.எம்.எஸ். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு 500 வோல்ட்டில். மெகாஓம் கணக்கில் வர வேண்டும். நன்றாக இருந்தது மழைக்குப் பின் இறங்கினால் பெட்டிக்குள் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். 2023 டிசம்பர் 17, 18-ல் நம் பக்கம் பெய்ததை நினைத்துப் பெட்டியின் உயரத்தை முடிவு செய்யுங்கள். வெள்ளத்தில் முங்கிய பேட்டரியைக் காயவைத்து சார்ஜ் போடும் சோதனை வேண்டாம்.

வேக்குவம் பம்ப் தேடாதீர்கள், இந்த வண்டிக்கு பிரேக்கை லேசாக்கும் சர்வோவே கிடையாது. எலிக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்: பி.எம்.எஸ். சென்ஸ் வயர் எல்லாம் அதற்கு முறுக்கு மாதிரி. இரும்புச் சுருள் குழாய்க்குள் விடுங்கள்.

ஆர்சி_புக்:

எல்லோரும் ஸ்பேனரிலேயே இருக்கிறீர்கள். இது ரோட்டில் ஓட வேண்டுமே.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் பதியாமல் எஞ்சினை மாற்ற முடியாது. மின்சாரத்துக்கு மாற்ற, வகை ஒப்புதல் பெற்ற கிட் வேண்டும். அதற்கான தரநிலை ஏ.ஐ.எஸ். 123, பாகம் 3. புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. மாதிரி சோதனை நிலையங்கள் தரும் ஒப்புதல் கிட் தயாரிப்பவருக்குத்தான், உங்களுக்கு அல்ல. அந்தச் சான்றிதழின் நகலை வாங்கி, உங்கள் மாடலும் 1968 என்ற உற்பத்தி ஆண்டும் அதன் வரம்புக்குள் வருகிறதா என்று வாசியுங்கள். வராவிட்டால், வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பச்சை நம்பர் பிளேட் கிடைக்காது. வண்டி தோட்டத்துக்குள் மட்டும்தான். தனித்தனியாகச் சாமான் வாங்கிக் கோக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்கும் வண்டி வின்டேஜ் பதிவுக்குத் தகுதி. ஆர்.சி. ஒழுங்காக இருந்தால் உங்கள் வண்டி இப்போது அந்த வரிசையில் நிற்கிறது. மோட்டார் ஏறியதும் அது போய்விடும். வின்டேஜ் பதிவில் தினசரி ஓட்டம் கிடையாது, கண்காட்சி மாதிரி காரியங்களுக்குத்தான். ஆகவே எது வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுங்கள். சேஸிஸில் புதுத் துளை ஒன்றுகூடப் போடாமல், பழைய மவுன்டிங் துளைகளிலேயே எல்லாவற்றையும் பிடித்தால் திரும்பிப் போகும் வழி திறந்திருக்கும். விரிசல் விட்ட பிளாக்கையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள், எஞ்சின் நம்பர் அதில்தான் இருக்கிறது.

பாளை_ஹெரால்டு:

திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுக்கிறேன். எடைமேடைக்கு வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும். இழுக்கும் கயிறு முன் அச்சு எடையைக் கெடுக்குமா?

ஈரடுக்குப்பாலம்:

கெடுக்கும். கயிற்றை அவிழ்த்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, நியூட்ரலில் தள்ளி ஏற்றுங்கள். பிரேக் பிடித்து நின்றால் பிளேட் ஸ்பிரிங் முறுகி நிற்கும், சீட்டு தப்பாக வரும். டாங்கில் எவ்வளவு பெட்ரோல் கிடக்கிறது என்பதையும் சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள்.