‘கழிவுடல்’ வேண்டாம், ‘செலவுடல்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நாம் ஏன் மூப்படைகிறோம் என்பதற்கு உயிரியலாளர் தோமஸ் கேர்க்வுட் 1977இல் முன்வைத்த ‘disposable soma’ விளக்கத்தைத் தமிழில் ‘கழிவுடற் கோட்பாடு’ என்று அழைக்கலாம் எனச் சென்ற மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற கிழமை அதைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியென்றால் எங்கள் அம்மம்மாவின் உடம்பு கழிவா, சேர்?”

கேர்க்வுட் போட்டது வரவு செலவுக் கணக்கு. கிடைக்கும் உணவு அளவானது. அதைக்கொண்டு உடலைப் பழுதுபார்க்கவும் வேண்டும், குட்டி ஈனவும் வேண்டும். வெளியில் திரியும் சுண்டெலி பெரும்பாலும் ஓராண்டுக்குள் குளிருக்கோ ஆந்தைக்கோ பலியாகிவிடும். அதன் உடலைப் பத்தாண்டு தாங்கும்படி பேணி என்ன ஆதாயம்? அதனால்தான் கூட்டில் வைத்துக் காத்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் முதிர்ந்து இறக்கிறது. பறந்து தப்பும் வௌவாலின் கணக்கு வேறு. ஏறத்தாழ ஏழு கிராம் எடையுள்ள பிராண்ட் வௌவால் ஒன்று, சைபீரியாவில் வளையமிட்டு விடப்பட்டு 41 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு பிடிபட்டது.

பெரும்போகம் வெட்டி முடிந்ததும் என் பெரியப்பா முதலில் விதைநெல்லைப் பிரிப்பார். பதர் போகத் தூற்றி, வெயிலில் காயவிட்டு, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, வேப்பிலை போட்டுக் கட்டி, சுவரில் முட்டாமல் பலகைமேல் அடுக்குவார். வீட்டுச் செலவுக்கு வைத்த நெல்லுக்கு இந்தக் கவனம் கிடைக்காது. அந்து விழுந்தால் புடைத்துக் குற்றிக்கொள்வோம். அதற்காக அதை எவரும் கழிவு என்பதில்லை. அடுத்த போகம்வரை வீட்டைத் தாங்குவது அதுதான்.

ஆகவே, விதைநெல்லைப்போலத் தலைமுறை கடக்கும் முட்டை, விந்து ஆகிய கலம் ‘விதைக்கலம்’, வீட்டுச் செலவு நெல்லைப்போல அதைச் சுமக்கும் உடல் ‘செலவுடல்’. சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம். பிரிந்துபோக நினைத்த தலைவன் போகாமல் தயங்குவது ‘செலவழுங்குதல்’. செலவழியும் உடல், சென்றுவிடும் உடல் என்ற இரு பொருளும் இந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. தமிழகத்தில் கலத்தைச் ‘செல்’ என்பதால் மயக்கம் வருமோ என்றும் யோசித்தேன். செலவு தெரியாத வீடு இல்லை என்பதால் அந்த மயக்கம் நிற்காது.

‘விதைக்கலம்’தான் எனக்கே சற்று உறுத்துகிறது. தாவரவியலில் விதையிலுள்ள கலத்தோடு குழம்பும். கால்வழி, கொடிவழி என்று நம்மிடம் இருப்பதால் ‘வழிக்கலம்’ எனலாமா?