எட்டு மாதக் குழந்தைக்குச் சொல்லின் எல்லை எப்படித் தெரிகிறது?

செவ்வந்தி
வணக்கம். பி.எட். தேர்வுக்குப் படிக்கிறேன். நாம் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. பொருளே தெரியாத குழந்தை எப்படிச் சொற்களைப் பிரிக்கிறது? மொழித்திறனின் அடிப்படை பிறவியிலேயே வருகிறது என்று சொன்ன மொழியியலாளர் சாம்ஸ்கியை 1996இல் நடந்த ஒரு சோதனை முறியடித்ததாக நோட்ஸில் இருக்கிறது. அது சரியா?

அசைபோடுபவன்
சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் மூவரும் செய்த சோதனை அது. 'கோலாபு', 'பிடாகு' போலப் பொருளற்ற மூவசைச் சொற்கள் நான்கு. கணினிக் குரலில், நிறுத்தமோ அழுத்தமோ இல்லாமல், கலந்து கலந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். 'கோ' வந்தால் அடுத்து 'லா' வருவது உறுதி, அதாவது வாய்ப்பு 1. 'பு' முடிந்ததும் மற்ற மூன்று சொற்களில் எதுவும் தொடங்கலாம், அங்கே வாய்ப்பு மூன்றில் ஒன்று. இப்படி வாய்ப்பு குறையும் இடமே சொல்லின் எல்லை.

பிறகு விளக்கு மினுக்கும் பக்கம் திரும்பிக் குழந்தை எவ்வளவு நேரம் கேட்கிறது என்று அளந்தார்கள். சொற்களைவிட, ஒரு சொல்லின் முடிவும் அடுத்த சொல்லின் தொடக்கமும் ஒட்டிய அசைகளையே குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. பலர் இதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்: பழகிய சொல் சலித்துவிட்டது, புதியது ஈர்த்தது என்பதே பொருள்.

மெய்யெழுத்து
அந்தச் செயற்கை மொழியில் எல்லாச் சொல்லும் ஒரே நீளம் என்பதை மறக்க வேண்டாம். ஜான்சனும் டைலரும் 2010இல் ஈரசை, மூவசைச் சொற்களைக் கலந்து கொடுத்தபோது எட்டு மாதக் குழந்தைகளால் பிரிக்க முடியவில்லை. இயல்பான பேச்சில் வேறு துணைகளும் வேண்டும். ஆங்கிலத்தில் பெரும்பாலான சொற்களுக்கு முதலசையில் அழுத்தம். ஏழரை மாதக் குழந்தை அதைப் பிடித்துக்கொள்கிறது. 'கிட்டார்' என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் இருப்பதால், 'கிட்டார் இஸ்' என்று கேட்டால் 'டாரிஸ்' என்பதை ஒரு சொல்லாக எடுத்துவிடுகிறது. பத்தரை மாதத்தில் இந்தப் பிழை போய்விடும். தமிழில் அப்படி அழுத்தம் கிடையாது. ஆனால் ண, ள சொல்முதலில் வருவதில்லை என்பதால், அவற்றுக்கு முன்னால் எல்லை இருக்க முடியாது.

கிளைமரம்
முறியடித்தது என்று எழுதாதீர்கள். சாம்ஸ்கியின் வாதம் வாக்கிய அமைப்பைப் பற்றியது, சொல்லெல்லையைப் பற்றியது அல்ல. அதை நேராகத் தொட்டது கிரெய்ன், நகயாமா 1987 சோதனை. ஆங்கிலத்தில் இரண்டு 'இஸ்' உள்ள வாக்கியத்தைக் கேள்வியாக்கும்போது, மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள் வேறு பிழைகள் செய்தாலும், உள்வாக்கியத்தில் முதலில் வரும் 'இஸ்'ஸைத் தூக்கி முன்னால் வைக்கவில்லை; அதாவது சொல் வரிசையை அல்ல, வாக்கிய அமைப்பையே பின்பற்றின. இது பிறவியிலேயே வருவதா, கேட்ட பேச்சிலிருந்தே கற்கக்கூடியதா என்பதில்தான் சண்டை இன்னும் நடக்கிறது. விடைத்தாளில் சொல்லெல்லையையும் வாக்கிய அமைப்பையும் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள்.