வலி என்பது ஒரு வேலையா, ஒரு உணர்வா?

மாட்டுங்காக்காரன்:
மாட்டுங்கா மார்க்கெட்டில் சேனைக்கிழங்கு வாங்கினேன். தராசில் கடைக்காரர் வைத்தது இரும்புப் படிக்கல் இல்லை, ஒரு கருங்கல் துண்டு. அரைக் கிலோ சரியாக நின்றது. இரும்போ கல்லோ, அந்த வேலையைச் செய்தால் படிக்கல்தான். மனதைப் பற்றிச் செயற்பாட்டுவாதம் சொல்வதும் இதைத்தான். அடிபட்டால் வருவது, கையை வெடுக்கென்று இழுக்க வைப்பது, இனிமேல் தொடாதே என்று நினைவில் தங்குவது, இந்த வேலைகளைச் செய்வது எதுவோ அதுதான் வலி. நரம்பா சிலிக்கானா என்பது முக்கியமில்லை. 1967-ல் தத்துவவாதி ஹிலரி பட்னம் ஆக்டோபஸை இழுத்தது இதற்குத்தான். அதன் மூளை நம் மூளை மாதிரி இல்லை, அதற்காக அதற்கு வலிக்காதா?

செம்பூர்வாசி:
கடைக்காரர் கடையைக் கட்டிவிட்டுப் போனால் உங்கள் படிக்கல் வெறும் கல். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் பல்வலிக்கு அப்படி ஒரு கடைக்காரர் வேண்டாம், தானாகவே வலிக்கிறது. இன்னொரு தத்துவவாதி நெட் பிளாக் 1978-ல் கேட்ட கேள்வியை நீங்கள் தொடவே இல்லை. சீன மக்கள் அத்தனை பேரிடமும் ஆளுக்கொரு ரேடியோ கொடுத்து, மூளையில் நடக்கும் தகவல் போக்குவரத்தை அப்படியே நடத்தினால் அந்த நாட்டுக்குத் தலை வலிக்குமா?

மாட்டுங்காக்காரன்:
தனி நியூரானுக்கும்தான் வலிக்காது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் வலிக்கிறதே, அதை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்? பழக்கம்தானே?

கல்யாண் லோக்கல்:
ஒரு விஷயம். பட்னமே பிறகு இந்தக் கொள்கையைக் கைவிட்டார், 1988-ல் அதை எதிர்த்துப் புத்தகமும் எழுதினார். அவரை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டால் போதாது.

செம்பூர்வாசி:
சரி, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன். மறுநாள் வலி மருந்தான மார்ஃபின் ஏறியிருந்தது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்டதும் "ஆறு" என்றார், அதே மூச்சில் காபி கேட்டார். முகம் சுளிக்கவில்லை, காலை இழுக்கவில்லை. "வலி இருக்குடா, ஆனா தொந்தரவு பண்ணல" என்றார். நீங்கள் பட்டியல் போட்ட வேலைகள் எல்லாம் நின்றுவிட்டன, வலி நிற்கவில்லை.

மாட்டுங்காக்காரன்:
எல்லாம் எங்கே நின்றது? ஆறு என்று சொன்னாரே, எந்த முட்டி என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பாரே. வலி ஒரே வேலை இல்லை, பல வேலைகளின் கட்டு. இடத்தைக் காட்டுவது ஒன்று, நம்மைப் படுத்துவது இன்னொன்று. மார்ஃபின் இரண்டாவதை மட்டும் தணித்தது. இது எங்கள் பக்கத்துச் சாட்சி. மருந்தின் வேகம் குறைந்ததும் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

செம்பூர்வாசி:
இப்போதுதான் கேட்டேன். "அப்புறம் தாங்க முடியல" என்றார். வேறு வலியா அது என்றேன். "அதே வலிதான்டா" என்கிறார். அந்த "அதே"யை உங்கள் வேலைப் பட்டியலில் எந்த வரியில் எழுதுவீர்கள்?