பீடி பிடித்தால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வருமா?

குடியாத்தம் மருமகள்:
என் மாமியாருக்கு 52 வயது. சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறார், சுற்றிச் சுற்றி ஒன்றிரண்டு பிடிக்கவும் பழகிவிட்டார். முகாமுக்கு வந்த நர்ஸ், புகை பிடித்தால் கருப்பை வாயிலும் புற்றுநோய் வரலாம் என்றார், எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. வாய், நுரையீரல் சரி, புகை அங்கே எப்படிப் போகும்?

ஆற்காடு செவிலி:
அவர் சொன்னது உண்மைதான்மா. மூல காரணம் எச்.பி.வி. வைரஸ், உடலுறவில் பரவுவது, பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானாகவே போய்விடும். புகை பிடிப்பவர்களுக்கு அது தங்கிவிடும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் புகையிலை நச்சு ரத்தத்தில் கலந்து கருப்பை வாய்ச் சளி வரைக்கும் போகிறது, நிகோட்டினை அங்கேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆபத்து ஏறக்குறைய 2 மடங்கு.

பேரணாம்பட்டு அக்கா:
டாக்டரிடம் பீடிப் பழக்கத்தை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் மறைத்தேன், அது தப்பு. அப்புறம் மாதவிலக்கு நின்றபின் துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்டணும்.

ஆற்காடு செவிலி:
ஆமாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேல் இலவசமாகப் பார்க்கிறார்கள், கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது, சில நிமிட வேலை. ஆனால் மாதவிலக்கு நின்றவர்களுக்கு அதில் சரியாகத் தெரியாமல் போகலாம், அதனால் பாப் ஸ்மியரோ (கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்ப்பது) எச்.பி.வி. சோதனையோ எங்கே செய்வார்கள் என்று கேளுங்கள்.

குடியாத்தம் மருமகள்:
ரொம்ப நன்றி அக்கா. படித்துக் காட்டினேன், திங்கட்கிழமை போகலாம் என்கிறார். பக்கத்து வீட்டு சித்தியும் வருகிறாராம்.