பழைய ஆஸ்பத்திரி, மலைமலையாய்க் கோப்புகள்: கணினிக்கு மாறும்போது எதை முதலில் தொடுவது?

சாட்ஸ்வர்த் செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக் கோப்பறை என் பொறுப்பு. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், இன்னும் வேலையில் இருக்கிறேன். மாகாணத்தின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் சிக்கலான கேஸ்களை எங்களுக்குத்தான் அனுப்புவார்கள். மருத்துவ மாணவர்கள், ஆராய்ச்சிக்காரர்கள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம். கட்டடத்துக்கு என் அப்பாவைவிட வயசு அதிகம்.

இப்போது நவீனமாக்கப் போகிறார்களாம். புது சி.டி. ஸ்கேன், புது ஆபரேஷன் தியேட்டர், கூடவே "காகிதமே இல்லாத ஆஸ்பத்திரி". போன வாரக் கூட்டத்தில் ஒரு கம்பெனிக்காரர் திரையில் படம் போட்டுக் காட்டினார்: கோப்பெல்லாம் லாரியில் ஏறும், அவர்கள் கிடங்கில் ஸ்கேன் ஆகும், கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்துவிடும். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எஸ். கோவெண்டர் மட்டுமே ஒரு தட்டு நிறைய இருக்கு சார். எது யாரோடதுன்னு உங்க மெஷின் சொல்லுமா?" சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

டர்பன்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோவெண்டர், நாயுடு, மூட்லி, பிள்ளை. இதில் பிள்ளைக்கு இங்கிலீஷில் கடைசி எழுத்து Y-யா I-யா என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ட்லாமினி, ம்கீஸே என்ற ஜூலு பெயர்த் தட்டுகளிலும் இதே கதைதான். ராத்திரி எமர்ஜென்சியில் பழைய கோப்பு கிடைக்காவிட்டால் புது நம்பர் போட்டுவிடுவார்கள், காலையில் யாரும் சேர்ப்பதில்லை. சமீபத்தில் ஒரு அம்மாவுக்கு மூன்று கோப்பு கிடைத்தது. பெனிசிலின் ஆகாது என்ற சிவப்பு ஸ்டிக்கர் இரண்டாவது கோப்பின் அட்டையில். வார்டுக்குப் போயிருந்ததோ மூன்றாவது. வார்டு சிஸ்டர் அந்தம்மாவிடமே கேட்டதால் தப்பித்தார். இப்போது மூன்றையும் பேண்டேஜ் துணியால் கட்டி வைத்திருக்கிறேன். ரப்பர் பேண்ட் கேட்டு எழுதிப் போட்டதற்குப் பதில் வரவில்லை, அது வேறு கதை.

லுத்துலி ஆஸ்பத்திரி ஆரம்பத்தில் இருந்தே காகிதம் இல்லாமல் ஓடுகிறதே, எங்களால் ஏன் முடியாது என்கிறார் மேலாளர். முடியுமா? எதில் இருந்து தொடங்கச் சொல்லட்டும்? அடுத்த திங்கள் மறுபடி கூட்டம்.

மேவில் கண்ணன்:

செல்வி அக்கா, லுத்துலியைக் காட்டுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அங்கே கணினிப் பிரிவில் சில காலம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். கேட்டோ மேனரில் புதுசாகக் கட்டி 2002இல் திறந்த ஆஸ்பத்திரி அது. 846 படுக்கை. வேறு ஆஸ்பத்திரி எழுதி அனுப்பினால்தான் நோயாளி உள்ளேயே வர முடியும். சுவர் எழும்பும்போதே கேபிளும் போட்டாயிற்று. முதல் நோயாளி வரும்போது கோப்பறை என்ற ஒன்றே கிடையாது. உங்கள் இடத்திலோ வார்டில் ஆள் படுத்திருக்கும்போதே தரையைப் பெயர்க்க வேண்டும்.

இன்னொன்று பணம். அரசு அங்கே ஒரு தனியார் கூட்டமைப்போடு 15 வருஷ ஒப்பந்தம் போட்டது. டாக்டரும் நர்சும் மாகாணத்து ஆட்கள். கருவியும் கம்ப்யூட்டரும் கூட்டமைப்பின் பொறுப்பு. வாங்கி வைப்பதோடு விடாமல், பராமரிப்பதும் காலம் போனதும் மாற்றித் தருவதும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. உங்கள் மேலாளரிடம் கேளுங்கள்: புது சி.டி. வந்த ஆறாம் வருஷம் அதன் டியூப் போனால் எந்தக் கணக்கில் இருந்து பணம் வரும்? பதில் இல்லையென்றால் அடிக்கல் நாட்டுவதைத் தள்ளிப் போடலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். லாரியே வேண்டாம். முதல் வேலை பெயர்ப்பட்டியல். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் என்று ஆகிற வரைக்கும் ஒரு தாளைக்கூட ஸ்கேனரில் வைக்காதீர்கள். வைத்தால் மூன்று கோப்புக் குழப்பம் அப்படியே கம்ப்யூட்டருக்குள் போய்விடும், அங்கே பேண்டேஜ் போட்டும் கட்ட முடியாது. தேசிய அடையாள எண்ணின் 13 இலக்கத்தில் முதல் ஆறும் பிறந்த தேதி என்பதால் கொஞ்சம் உதவும். ஆனால் பிறந்த குழந்தைக்கு எண் இல்லை, மயக்கத்தில் வருகிறவர் சொல்லப்போவதில்லை, எல்லை தாண்டி வந்தவரிடம் இருக்காது. அதற்கு அம்மா பெயர், அனுப்பிய கிளினிக், பழைய முகவரி என்று பார்த்து ஆள்தான் சேர்க்க வேண்டும். மென்பொருள் தானாக இணைக்க விடவே கூடாது. நாட்டு அளவில், நம் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். செய்து கொடுத்த நோயாளிப் பதிவு முறை கிளினிக்குகளில் இருக்கிறது. அதில் ஏற்கெனவே நம்பர் உள்ளவருக்கு நீங்கள் இன்னொன்று போடாதீர்கள்.

அதற்குப் பிறகு, அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் பட்டியலை எடுங்கள். வரப்போகிறவர்களின் கோப்பை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். அதிலும் டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆபரேஷன் குறிப்பு, திசுப் பரிசோதனை, ஒவ்வாமை போதும். மற்றதெல்லாம் தட்டிலேயே தூங்கட்டும்.

இசிபிங்கோ ராஜு:

நான் ஆஸ்பத்திரிகளில் மின்சாரம், கருவி ரிப்பேர் வேலை பார்க்கிறவன். சுருக்கமா சொல்றேன்.

கரண்ட் போனா ஜெனரேட்டர் ஏற கொஞ்ச வினாடி ஆகும். லைட் வந்துடும், எல்லாரும் சரியாயிடுச்சுன்னு நினைப்பாங்க. ஆனா மாடியில இருக்கிற நெட்வொர்க் பெட்டிக்கு பேட்டரி இல்லேன்னா அது செத்து, மறுபடி எழுந்து, எல்லாத்தையும் பிடிக்க நிமிஷக்கணக்கு. அதுவரைக்கும் வார்டுல திரை வெறும் திரைதான். லோட் ஷெடிங் காலத்துல இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துட்டேன். செல்வி தங்கச்சி, உங்க மாடிகள்ல அந்தப் பெட்டி எங்கே இருக்கு, பேட்டரி இருக்கான்னு போய்ப் பாருங்க.

பழைய கட்டடத்துச் சுவர் கனம். வைஃபையை நம்பி வண்டியில வச்சுத் தள்ளுற கம்ப்யூட்டர் வாங்கிடாதீங்க, படுக்கைக்குப் படுக்கை நடந்து சிக்னல் பார்த்த பிறகு வாங்குங்க. சர்வரை அடித்தளத்துல வைக்கணும்னு எவனாவது சொன்னா 2022 ஏப்ரல் வெள்ளத்தை ஞாபகப்படுத்துங்க.

மாலா (ஆராய்ச்சி நர்ஸ்):

கண்ணன் சொன்ன வரிசை சரி, "தட்டிலேயே தூங்கட்டும்" என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சில தாள்கள் தூங்கினால் எழுந்திருக்காது. இ.சி.ஜி. பட்டைகளைப் பாருங்கள் செல்வி. அது வெப்பத்தாள். சூடும் வெளிச்சமும் பட்டால் மங்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் மங்கும். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் உங்கள் கோப்பறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பட்டியலை எதிர்பார்க்காமல் முதலிலேயே ஸ்கேன் செய்யுங்கள். தாளின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். அவசரத்தில் டாக்டர்கள் பின்னால்தான் எழுதுவார்கள்.

இடம் காலி செய்கிறேன் என்று எதையும் எரிக்க விடாதீர்கள். மருத்துவக் கவுன்சில் விதிப்படி, நோயாளி வருவது நின்றதில் இருந்து குறைந்தது 6 வருஷம் வைக்க வேண்டும். சிறுவர்களுக்கு 21 வயது ஆகும்வரை. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களின் கோப்புக்கு அதற்கு மேலும் நிபந்தனை உண்டு. இந்த மாகாணத்தில் 889 பெண்களை வைத்து காப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆராய்ச்சி மையம் டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த ஜெல்லைச் சோதித்து, எச்.ஐ.வி. தொற்று 39 சதவீதம் குறைந்ததாக 2010இல் அறிவித்தது. அப்படி ஓர் எண்ணை உலகம் ஏற்க வேண்டுமானால், கணினியில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் மூலத்தாள் எதுவென்று தணிக்கைக்காரர் கேட்கும்போது எடுத்து நீட்ட வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் எந்தெந்தக் கோப்பு ஆராய்ச்சியில் இருக்கிறது என்று அட்டையில் குறி உண்டா? இல்லையென்றால் ஆராய்ச்சிப் பிரிவிடம் பட்டியல் கேளுங்கள்.

லாரி விஷயம்: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது, 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் அமலில் இருக்கிறது. வெளியாள் தொடுவதாக இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு ஆஸ்பத்திரிக்குத்தான். உங்கள் அறையிலேயே மேஜை போட்டு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக, காகிதப் படிவம் ஒரு கட்டு எப்போதும் வார்டில் இருக்கட்டும். 2024 ஜூனில் தேசிய ஆய்வகச் சேவையின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கியபோது, ரத்தப் பரிசோதனை நடந்தும் முடிவு திரைக்கு வரவில்லை. அவசர முடிவுகளைப் போனில்தான் சொன்னார்கள்.

ஃபீனிக்ஸ் மகன்:

நான் நோயாளியோட மகன், அவ்வளவுதான். அப்பாவைக் கூட்டிக்கிட்டு விடியுமுன்னே வந்து வரிசையில நிக்கிறோம். கோப்புக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. கம்ப்யூட்டர் வந்தா முதல் வரிசை போகும், சரி. மத்த ரெண்டுக்கும் என்ன வழி? மருந்தகத்துல ஜன்னல் நாலு இருக்கும், ஆள் ஒருத்தர் இருப்பார். அதை நவீனமாக்க யாராவது படம் போட்டுக் காட்டுவாங்களா?

சாட்ஸ்வர்த் செல்வி:

தம்பி, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டத்தில் உங்கள் கேள்வியாகவே கேட்டுவிடுகிறேன், கேட்பவர் யார் என்று சொல்லாமல்.

கண்ணன், ஆள்தான் சேர்க்க வேண்டும் என்றீர்களே, அந்த ஆள் யார்? என் கிளார்க்குகளில் இரண்டு பேர் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார்கள். எந்தக் குடும்பம் எந்த முகவரியில் இருந்து எங்கே மாறியது என்று மனசிலேயே வைத்திருப்பவர்கள். காகிதம் போகப்போகிறதே, அந்த இடங்களை நிரப்புவானேன் என்று மேலே பேச்சு. அவர்கள் இருக்கும்போதே பெயர்ப்பட்டியல் வேலையைத் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

மாலா, இன்று சாயந்தரம் இதயப் பிரிவுக் கோப்புகளில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். பழைய பட்டைகளில் கட்டம் தெரிகிறது, கோடு தெரியவில்லை. நாளைக்கே எங்கள் ஜெராக்ஸ் மெஷினில் இருக்கிற ஸ்கேனரை வைத்து ஆரம்பிக்கிறோம், யாரையும் கேட்கப் போவதில்லை. ஆராய்ச்சிக் கோப்புக்கு அட்டையில் குறி கிடையாது. பட்டியல் கேட்டிருக்கிறேன்.

ராஜு அண்ணே, இரண்டாம் மாடி நெட்வொர்க் பெட்டியைத் தேடினேன். துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைக்குள் இருக்கிறதாம். சாவி சுத்தம் செய்கிற கான்ட்ராக்ட் ஆட்களிடம். பேட்டரி இருக்கிறதா என்று திறந்த பிறகுதான் சொல்ல முடியும்.