கம்பி வலையில் வந்த ரத்தக்கட்டி: உங்கள் அனுபவங்கள்

ஏற்காடு:
மார்கழி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. எழுப்பப் போனபோது மாமனாருக்கு வாய் கோணி, வலது கை தொய்ந்து கிடந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் சேர்ந்ததும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக இவரை நல்ல நிலையில் பார்த்தது எப்போது?" இரவு ஒன்பதரைக்குப் படுத்தார் என்றேன். மூளையின் ரத்தக்குழாயை அடைத்துப் பக்கவாதத்தை உண்டாக்கிய கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் அந்தக் கணக்கில் கடந்துவிட்டது. ஆயினும் மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததால், தொடை இடுக்கு வழியாகக் குழாயைச் செலுத்தி, கம்பி வலையால் கட்டியை எடுத்தார்கள்.

முடிந்தபின், வெள்ளைத் துணியின்மேல் அந்த வலையை வைத்துக் காட்டினார் மருத்துவர். கண்ணி கண்ணியான மெல்லிய கம்பி. அதில் சிக்கியிருந்தது, எங்கள் தோட்டத்து மிளகைவிடச் சற்றே நீண்ட கருஞ்சிவப்புக் கட்டி. இதற்காகவா ஒரு மனிதர் பேச்சிழந்தார் என்று நின்றுவிட்டேன். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் போல இது உள்ளேயே தங்குவதில்லை. குழாய்க்குள் மடங்கிச் சென்று, கட்டிக்குள் தானாக விரிந்து, அதைப் பற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது.

நள்ளிரவில் அவர் கழிவறைக்குப் போகும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து பார்க்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

செவ்வாய்ப்பேட்டை:
என் அப்பாவுக்கு அடைப்பு காலில். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று வலியில் துடித்தார். பாதம் வெளுத்துச் சில்லிட்டது. அவருக்கு வலையன்று, பலூன். 1963-இல் ஃபோகார்ட்டி என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறை: சுருங்கிய பலூனைக் கட்டிக்கு அப்பால் கொண்டுபோய், ஊதி, பின்னோக்கி இழுக்கிறார்கள். அன்றிரவு அந்தப் பாதத்தை என் இரு கைகளாலும் பிடித்தபடி இருந்தேன். மெல்ல மெல்லச் சூடு ஏறியது.

அஸ்தம்பட்டி:
ஏற்காட்டு அன்பர் எழுதியதைப் படிப்பவர்கள், தாமதமானாலும் வலை இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டவர்களுக்குத்தான் இது பொருந்தும். 2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகள் இதை நிலைநாட்டின. 24 மணி நேரம் வரை வலையால் எடுக்கலாம் என்பது 2018-க்குப் பிறகு, அதுவும் ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர்களுக்கே.

என் சித்தப்பா பக்கவாதம் வந்து விழுந்த அன்று, பதற்றத்தில் நான் தண்ணீர் புகட்டினேன். விழுங்க முடியாமல் புரையேறி, அவர் கண்கள் நிலைகுத்தியதை மறக்க இயலவில்லை. ஆகவே சொல்கிறேன்: வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம், ஏனெனில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகே தெரியும். 108-ஐ அழைக்கும்போதே பக்கவாதம் என்று சொல்லுங்கள். கட்டியை வலை வைத்து எடுக்கும் வசதி எந்த மருத்துவமனையில் உண்டு என்பதை, குறிப்பாக மலையில் இருப்பவர்கள், இன்றே விசாரித்து வையுங்கள். இரண்டாம் மருத்துவமனைக்கு மாற்றுவதில்தான் நேரம் கரைகிறது.

ஏற்காடு:
அஸ்தம்பட்டி அன்பருக்கு: தாமதிக்கலாம் என்று நான் எழுதவில்லை. மாமனாருக்குப் பேச்சு திரும்பிவிட்டது; வலது கை இன்னும் முழுதாக மூடவில்லை. இப்போது இரவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய், ஒரு வார்த்தை பேசவைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.